சூடு அளக்க வந்த நாள்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அங்கேயே என் வீட்டுக்காரருக்கு அயர்ன் மேஜை. நாள் முழுக்க நீராவியில் நிற்கிறவர். சித்திரையில் அந்தப் பக்கம் போனாலே எனக்கு மூச்சு முட்டும்.

எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையர், வேலையிடத்தைச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்தால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதைதான். முதல் நாளே தரையைக் கழுவுவோம். பாதி அயர்ன் மேஜையை நிறுத்திவிடுவார்கள். என்ன கேட்டாலும் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லவேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்களிடம் வாயை மூடிய பிள்ளைதான் பிழைக்கும்.

போன கோடையில் வந்தவர்கள் ஆடிட்காரர்கள் இல்லை. அரசாங்கத்துக்காகத் தொழிற்சாலைச் சூட்டை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரர்கள். அதில் ஒரு பெண் எங்களிடம் விளக்கினாள்.

"பூமி சூடாகிட்டே போகுதுங்க. வெயில் மட்டும் கணக்கில்லை. காத்துல ஈரம் கூடினா வேர்வை காயாது, உடம்புச் சூடு வெளிய போகாது. இங்க எடுக்கிற அளவை வெச்சுத்தான், எவ்வளவு சூட்டுக்கு மேல வேலையை நிறுத்தணும்னு நாடு முழுக்க விதி எழுதப் போறாங்க."

கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் மேனேஜரிலிருந்து தரை கூட்டுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அதுவும் ஓர் ஆடிட்தான். அயர்னுக்கு நீராவி தரும் பாய்லரைக் குறைத்தாயிற்று, வாடகைக்கு ஏர்கூலரும் வந்தாயிற்று. நான் என் வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"ஏனுங்க, இவங்க பையர் இல்லீங்க. போன வாரம் தலை சுத்தி உக்காந்தீங்கல்ல, அதைச் சொல்லுங்க."

"ஆரா இருந்தா என்ன புள்ள? சோறு போடற கம்பெனிய நாமளே காட்டிக் குடுக்கறதா?"

அந்தப் பெண் கருவியோடு வந்து கேட்டபோது அவர் சிரித்த முகமாகச் சொன்னார்: "சூடெல்லாம் இல்லீங்க. எல்லா வசதியும் இருக்குதுங்க."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பொய்யிங்க, எல்லாம் இன்னைக்கு மட்டும்தானுங்க" என்று அவள் காதில் போட்டேன். அவள் முகம் வாடியது. "கருவி காட்டுறதைத்தாங்க நான் எழுத முடியும்" என்றாள். மறுநாள் பாய்லர் பழையபடி கொதித்தது. எங்கள் கம்பெனி குளுகுளுவென்று இருப்பதாக அந்த அளவு டில்லிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்தக் கோடையில் அவர் மேஜையடியிலேயே சரிந்து விழுந்தார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"சூட்டுல உடம்புத் தண்ணி வத்தினாலும் இப்படி ஆகும். வேலை செய்யற எடம் ரொம்பச் சூடுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு உதடு ஒட்ட, "இல்லீங்க... எல்லா வசதியும் இருக்குதுங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.