மான் வாய்க்கு எட்டாத உயரம்

ஷிகெனோ அக்காவுக்கு மானைக் கண்டாலே ஆகாது. ஊர் சுற்ற வருகிறவர்கள் ஆற்றோரம் காரை நிறுத்தி, அந்தக் கண்ணைப் பாரேன் என்று உருகுவார்கள். அக்கா காதில் விழுந்தால் போச்சு. கண்ணை மட்டும் பார்த்தால் எப்படி, வாயையும் பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. அவள் வாயைப் பற்றி எனக்குத்தான் தெரியும்.

மலையில் பிறந்தவள் இல்லை அவள். குமானோ கடற்கரையில் வலை போடுகிற வீட்டுப் பெண். கிசாபுரோ அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த புதிதில், எது சுகி மரம், எது ஹினோக்கி மரம் என்றுகூடத் தெரியாமல் முழித்தாளாம். அண்ணன் வீட்டின் சொத்து என்றால் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் அந்த ஹினோக்கிச் சரிவு ஒன்றுதான். அவருடைய அப்பா நட்ட மரங்களை வெட்டி இறக்கிய பிறகு, இருவருமாக அங்கே புதுக்கன்று நட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது. அந்த மரங்களை வெட்டப் போகிறவர் யார் என்று யாராவது கேட்டால், யாரோ வெட்டிவிட்டுப் போகட்டும், நடுகிறது நம் வேலை என்பார் அண்ணன்.

நட்ட முதல் வசந்தத்திலேயே மான்கள் இறங்கிவிட்டன. எங்கள் மாமனார் காலத்தில் மானைப் பார்த்தால் நல்ல சகுனம் என்பார்கள், அவ்வளவு அபூர்வம். இப்போது எங்கு திரும்பினாலும் மான். கொழுந்தை மட்டும் கிள்ளித் தின்னும். மறுபடி துளிர்த்தால் மறுபடி வந்து கிள்ளும். கடைசியில் சரிவெல்லாம் சாப்பிடும் குச்சியை நட்டு வைத்த மாதிரி நின்றது. அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கடற்கரை பாஷையில் மானின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். அதையெல்லாம் நான் இங்கே எழுத முடியாது.

அடுத்த முறை வலை கட்டி நட்டார்கள். மான் தாண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தாண்டத் தெரிந்தாலும் அது முதலில் மூக்கைத் தரையில் வைத்து வலையின் அடியைத்தான் முட்டிப் பார்க்கும். ஒரு இடம் தளர்ந்திருந்தால் போதும். பெட்டை ஒன்று நுழைந்துவிட்டால் அதன் பின்னாலேயே கூட்டம் வரும், வழியையும் மறக்காது. அதனால் வலையின் அடியை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு முளையடித்தார்கள். காற்றடித்த மறுநாளெல்லாம் இருவரும் வலையைச் சுற்றி வருவார்கள். கிழிசல் கண்ட இடத்தில் அக்கா உட்கார்ந்து, அவள் அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சைப் போட்டுத் தைப்பாள். வலையை அறுத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது என்று வளர்ந்தவள் அவள்.

கன்றுகள் அக்காவின் கழுத்து வரை வந்த வருஷம், அண்ணனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. அக்கா அவர் படுக்கையை ஜன்னலோரம் போட்டாள், சரிவு முழுக்கத் தெரியும்படி. காலையில் தேயிலைத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியை ஊட்டும்போதெல்லாம் அவருக்கு ஒரே பேச்சுதான்.

"கொழுந்து… மான் வாய்க்கு… மேல போயிட்டா… போதும். அப்புறம்… நான் போறேன்."

"போறதப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப வாயத் தொறங்க."

இன்னும் ஒன்றிரண்டு வசந்தம் தாக்குப்பிடித்தால் மரங்கள் தப்பித்துவிடும். அண்ணன் அதுவரை தாங்குவாரா என்பதுதான் அக்காவின் கவலை. மழை பெய்தால்கூட, நல்ல மழை, வேருக்கு இறங்கும் என்று அவரிடம் சொல்வாள். எனக்கு அழுகையாக வரும்.

குளிர் தொடங்கும்போது எங்கள் மலைத் தெய்வமான மலைத்தாயின் நாள் வரும். அன்று அவள் தன் மரங்களையெல்லாம் எண்ணுவாள். யாராவது மலையில் கால் வைத்தால் அவரையும் மரத்தோடு சேர்த்து எண்ணிவிடுவாள், திரும்பி வர முடியாது. ஆண்கள் போனாலே குற்றம். பெண் போனால் சொல்லவே வேண்டாம், தாயாருக்கு அழகில் கொஞ்சம் குறை, மற்றப் பெண்களைக் கண்டால் பொறுக்காது. அவளைச் சிரிக்க வைக்க, அவளைவிட அவலட்சணமான காய்ந்த மீன் ஒன்றைச் சட்டைக் கைக்குள்ளிருந்து கொஞ்சமாக வெளியே நீட்டிக் காட்டி ஆண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த மீன் வருஷா வருஷம் அக்காவின் பிறந்த வீட்டிலிருந்துதான் வரும். தடையை மீறி யாராவது போய்விட்டால், அந்த வருஷம் ஊரில் நடக்கிற கெட்டதெல்லாம் அவர் தலையில்தான் விடியும். கீழ்வீட்டுக் குடும்பம் ஒன்று அப்படித்தான் பூசைக்கு அழைப்பில்லாமல் ஒதுங்கிக் கிடந்தது.

அந்த வருஷம் பூசை நடத்தும் முறை என் வீட்டுக்காரர் இவாவோவுக்கு. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரும் அவர்தான். விடியும்போதே மேலே சரிவிலிருந்து ஒரு குரல் கேட்டது. வலையில் மான்குட்டி மாட்டிக்கொண்டு கத்துகிறது. அக்கா எங்கள் வாசலுக்கு வந்து, அதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். இவாவோ மீனைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மலையில கால் வைக்கக் கூடாதுன்னு தெரியாதாக்கா? நாளைக்குப் பாத்துக்கலாம்."

அக்கா திரும்பிப் போனாள். ஒரு மான் குறைந்தால் இவளுக்குச் சந்தோஷம்தானே என்று நான்கூட நினைத்தேன்.

பிறகு நடந்தது அவள் வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னது. வீட்டுக்குள் போனால், அண்ணன் நல்ல கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். இன்னொரு காதைப் பொத்த அவருக்குக் கை இல்லை. குட்டி கத்தக் கத்த அவர் முகம் கோணியது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். ஆண்கள் எல்லோரும் பூசையில் இருந்த நேரம், சமையல் கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள்.

குட்டி உருண்டு உருண்டு வலையைத் தன் மேலேயே சுற்றி வைத்திருந்தது. வெளியே தாய் மான் காலால் தரையை உதைத்துக்கொண்டு நின்றது. அவிழ்க்க வழியில்லை. அக்கா அறுத்தாள். ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. குட்டி ஓடியதும், தலையில் கட்டியிருந்த துணியால் ஓட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, நாளைக்கு வந்து தைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினாள். ஈரச் சருகில் கால் வழுக்கியது. கணுக்கால் முறிந்தது. தவழ்ந்தே கொல்லைப்புறம் வரை வந்து, அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

விறகு எடுக்கும்போது விழுந்துவிட்டேன் என்றாள். நம்பினேன். ஆம்புலன்ஸில் அவளைக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலில் ஆபரேஷன். அண்ணனை நான் பார்த்துக்கொண்டேன். தினமும் போனில் கூப்பிடுவாள். அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டபின் கொஞ்சம் தயங்கி, மேலே எல்லாம் சரியாக இருக்கிறதா என்பாள். இருக்காமல் எங்கே போகும் என்பேன். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் இவாவோ ஓடிப்போய் வலையைக் கட்டியிருப்பார். அவளுக்கு வாய் வரவில்லை. ஊரையே பேசித் தீர்க்கிற வாய்!

அண்ணன் முதலில் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கஞ்சி ஊட்டும்போது, "ஜன்னல… மூடு" என்றார். குளிர்கிறது போல என்று மரக்கதவை இழுத்துச் சாத்தினேன். கஞ்சி வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அக்கா வந்துவிடுவாள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதால் எப்படி என்று அதட்டி, துடைத்துவிட்டேன். கதவை மறுபடி திறக்கவே விடவில்லை அவர்.

அக்கா கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வீடு திரும்பிய அன்று, நேரே ஜன்னலுக்குத்தான் போனாள். கதவைத் தள்ளினாள். நானும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். வலைக்குள்ளே மான்கள் படுத்து, தங்கள் வீடு மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தன. கொழுந்து ஒன்றுகூட இல்லை. அடிப்பட்டையைப் பல்லால் உரித்து மேலே இழுத்திருந்தன. உரித்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

அக்கா கதவைச் சாத்தினாள். படுக்கைப் பக்கம் திரும்பி, சிரிக்கப் பார்த்தாள்.

"மரமெல்லாம் நல்லா இருக்குங்க. நான் போனதுக்கப்புறம் ஒரு சாண் வளந்திருக்கு."

அண்ணன் நல்ல கையை நீட்டி அவள் சட்டைக் கையைப் பிடித்தார். வார்த்தையைத் தேடிக் கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று.

"நீ மேல போனத… யாருகிட்டயும்… சொல்லல."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அன்று மான்குட்டிக்காக அவள் மேலே ஏறியதை ஜன்னல் வழியே அண்ணன் பார்த்திருக்கிறார். மான் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் இவாவோ மேலே போயிருப்பார். போனால் கத்தி பட்ட வலையைப் பார்த்திருப்பார். அது ஊருக்குத் தெரியக் கூடாது என்று, எதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ அதை மான் தின்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். பார்க்க முடியாமல் போனபோது கதவை மூடச் சொல்லியிருக்கிறார். கட்டை கைநழுவி விழ, அக்கா அவர் மார்பில் விழுந்து கதறினாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

மலையில் பனி உருகுமுன் அண்ணன் போய்விட்டார்.

அந்த வசந்தத்தில் அக்கா நொண்டிக்கொண்டே மேலே ஏறினாள். உள்ளே காப்பாற்ற ஒன்றும் இல்லை. இருந்தும் வலை ஓட்டையாகக் கிடக்கக் கூடாது என்றாள். நான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டேன். இவாவோவும் வந்து மான்களை விரட்டிவிட்டு, முளையைச் சரிசெய்தார். ஓட்டை அருகே வந்ததும் அக்கா அவசரமாக, கடா மான் கொம்பு பட்டுக் கிழிந்திருக்க வேண்டும் என்றாள். இவாவோ குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தார். கொம்பு கிழித்ததற்கும் கத்தி அறுத்ததற்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்?

"ஆமாக்கா, கொம்புதான். நல்ல கூரான கொம்பு."

பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளுடைய தலைத்துணி, அன்று ஓட்டையைக் கட்டியது. ஆற்றோரம் கிடந்தது, காற்றில் பறந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த முளைக்கு நகர்ந்தார்.

அக்கா துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி கையிலேயே நின்றது.

"இவ்வளவுதானா நொபு?" என்றாள் என்னிடம். "வெளிய தெரிஞ்சாலும் இவ்வளவுதான்னு அவருக்குத் தெரியாமப் போச்சே."

பிறகு தைக்கத் தொடங்கினாள்.