பாதத்தில் விழுந்த பள்ளம்

திருத்தணியில் ரயில் ஏறியபோது எதிரே ஒருவர் மூன்று வயது மகளை மடியில் வைத்திருந்தார். மழிக்காத முகம். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம். யாரிடமும் பேசாத நான் அன்று வாய் திறந்தேன்.

"கொழுகொழுன்னு இருக்குதுங்க. கண்ணு படப்போவுது."

"சதை இல்லீங்க, வீக்கம். வயித்துல ஏதோ அபூர்வ நோவாம். சாப்பிட்ற சத்தெல்லாம் உள்ளயே கசிஞ்சி போய்டுது. தானா சரியாவும்னு டாக்டர் சொல்லிகினு இருக்காரு."

குழந்தையின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. அது மேலெழும் வரை பார்த்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்படியே செய்தார். அரக்கோணம் தாண்டியதும் கேட்டார்.

"நேத்தவிட இன்னிக்கு சீக்கிரமா மேல வருது, இல்லீங்க?"

நேற்று நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஆங், வருதுங்க" என்றேன்.

சென்னை வரும்வரை அவர் மறுபடி அழுத்திப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.