சந்திரிகாவின் தப்பு நோட்டு

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. முடிச்சூரில் சந்திரிகாவைப் பற்றி அப்படிப் பேசியவர்கள் ஒரு தடவையாவது அவள் வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மத்தியானத்தில் ஒரு பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசினால் உடனே காற்றுக் கோளாறா? "இல்ல, தப்பு. மறுபடி சொல்லு" என்று அவள் அதட்டியது நிஜந்தான். அதட்டியது தன்னையேதான்.

அவள் பார்த்த வேலை அப்படி. பன்னிரண்டாவது வரை படித்தவள். புருஷன் அரிகிருஷ்ணனுக்கு மெயின் ரோட்டில் பெயின்ட் கடை. அவளுக்கோ வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டருக்குப் பாடம் காட்டுகிற வேலை. தெருப் படங்கள் ஒவ்வொன்றாக வரும். இது ஆட்டோ, இது மாடு, இது ரோடு என்று அவள் கோடு போட்டுக் காட்ட, பார்த்துப் பார்த்து அந்த மெஷின் கற்றுக்கொள்ளும். நாலு வருஷம் இதைச் செய்தவளுக்கு ஒரே ஓர் ஆசை. வண்டலூர் பக்கத்து ஆபீசுக்குப் போய்ப் புது ஆட்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. நூற்றிருபது பக்க விதிப் புத்தகம், அத்தனையும் இங்கிலீஷ். பரீட்சையில் அதைத் திறக்கக் கூடாது. இரண்டே தடவைதான் எழுதலாம்.

முதல் தடவை அவள் அடித்த கூத்தையும் மறைப்பானேன். புத்தகத்தை வரி விடாமல் மூன்று நோட்டில் காப்பி எடுத்தாள். தலைப்புக்குச் சிவப்பு, அடிக்கோட்டுக்குப் பச்சை. கல்யாணப் பத்திரிகை தோற்றுப் போகும். அரிகிருஷ்ணன் அதைக் கடைக்குக் கொண்டுபோய் வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினான். பரீட்சையில் உட்கார்ந்தால், எந்தப் பக்கத்தில் எந்தக் கலரில் எழுதினாள் என்பது ஞாபகம் வந்தது. என்ன எழுதினாள் என்பது மட்டும் வரவில்லை. ஃபெயில்.

ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரந்தான் மெஷின் ஒரு வேடிக்கை செய்தது. மஞ்சள் தார்ப்பாய் போட்ட இளநீர் வண்டியை ஆட்டோ என்றது. அது பார்த்த ஆட்டோ எல்லாம் மஞ்சள். ஆகையால் மஞ்சளாக எது நின்றாலும் அதற்கு ஆட்டோ. பழைய படத்தையே காட்டிக் கேட்டால் நூற்றுக்கு நூறு வாங்கும். புதுப் படம் என்றால் திருதிருவென்று முழிக்கும். தப்பைத் தப்பு என்று திருத்தித் திருத்திக் காட்டினால்தான் அது தேறும். சந்திரிகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேனாக் கலரைப் பிடித்துக்கொண்டு பாடத்தைக் கோட்டை விட்டவள் அவள்தானே.

அன்றைக்கே முறையை மாற்றினாள். ஒரு பக்கம் படிப்பாள். மூடிவைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் தன் வார்த்தையில் உரக்கச் சொல்வாள். திறந்து பார்த்து, எது விட்டுப்போனதோ அதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவாள். மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே. தெரிந்ததில் ஒரு வார்த்தை கூட எழுத மாட்டாள், அதில் அப்படி ஒரு பிடிவாதம். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் காதில் விழுந்த அதட்டல் இதுதான்.

அந்த அம்மாள் திருநீர்மலைக் கோயில் தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். சந்திரிகா உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். கூடவே பாடத்தையும் கொடுத்தாள். அன்றைக்கு ஒரு விதி மூன்றாவது முறையாக அவள் கையிலிருந்து நழுவியிருந்தது. தேங்கிய தண்ணீரை எப்போது ஏரி என்று குறிப்பது, எப்போது ரோடு என்று குறிப்பது. புத்தகத்தில் அது அரைப் பக்கம். அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கங்கையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கா இம்மாம் படிப்பு? ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல நம்ம தெருவுல படகு வுட்டானுங்களே, அத்த ஏரின்னா சொன்ன? தண்ணி எவ்ளோ நின்னா இன்னா, ரெண்டு பக்கமும் கரண்டு கம்பம் நிக்குதுல்ல? அது ரோடும்மா."

சந்திரிகா அரைப் பக்கத்தையும் விட்டுவிட்டு நோட்டில் ஒரே வரி எழுதினாள்: நம்ம தெரு, டிசம்பர் மழை, கம்பம்.

"மெஷினுக்கு இதப் புரியவைக்கப் பத்தாயிரம் படம் வேணும்க்கா," என்றாள். "எனக்கு உங்ககிட்ட ஒரு தடவ அசிங்கப்பட்டாப் போதும்."

கங்கையம்மாள் மறுநாளும் வந்தாள், கேள்வி கேட்பதற்கென்றே. இப்போது இரண்டு பேரையும் பேய் பிடித்துக்கொண்டது என்று தெரு பேசிற்று. பேசட்டுமே.

இரண்டாவது பரீட்சையில் ஒரு படம் வந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் பழுப்புத் தண்ணீர். பக்கத்தில் இருந்தவர்கள் மளமளவென்று ஏரி என்று போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். அவள் போகவில்லை. தண்ணீருக்கு மேலே இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பங்களின் தலையும் மதில்களின் விளிம்பும் தெரிந்தன. ஒரு மதில் முதல் எதிர் மதில் வரைக்கும் நிதானமாகக் கோடு இழுத்து, ரோடு என்று போட்டாள். எழுதிய பத்தொன்பது பேரில் மூன்று பேர் தேறினார்கள். அவள் பேர் முதலில் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆபீசில் பதினோரு புது ஆட்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அரிகிருஷ்ணன் கடையைக்கூடத் திறக்காமல், பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்தி, கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.

"வேணாங்க. புருஷன் பின்னாடி உக்காந்து வந்து எறங்குனா, படிக்க வந்த பொண்ணுன்னு நெனச்சுக்குவாங்க. நான் டீச்சர்."

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படியிறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.