சொன்னவர் பெயர்

றெஜினாவுக்கு வகுப்பு கிடையாது, ஓர் அறைதான் உண்டு. கொட்டாஞ்சேனையில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்த அந்தத் தமிழ்ப் பாடசாலையின் புத்தக அறைக்கு அவள் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளிக்கு லைப்ரரி என்னத்துக்கு என்று மற்ற ஆசிரியர்கள் முதலில் சிரித்தார்கள். அவள் கோபிக்கவில்லை. சிரித்தவர்களின் வகுப்பு வாசலிலேயே போய் நின்று, "வாற கிழமை என்ன பாடம், மாஸ்டர்?" என்று கேட்டாள். மீன் பற்றிய பாடமென்றால், திங்கட்கிழமை காலையில் மீனும் ஆமையும் படம் போட்ட புத்தகங்கள் ஒரு பிரம்புக் கூடையில் அந்த வகுப்பு மேசைக்கு வந்துவிடும். ஆறு மாதத்தில், கூடை பிந்தினால் ஆசிரியர்களே தேடி வந்தார்கள்.

பிள்ளைகளிடம் அவளுக்கு ஒரேயொரு பிடிவாதம். ஒரு செய்தியைச் சொன்னால், எங்கே படித்தாய், யார் சொன்னது என்று சேர்த்துச் சொல்லவேண்டும். சும்மா "எனக்குத் தெரியும்" என்கிற பிள்ளையின் பருப்பு அவளிடம் வேகாது. "சொன்னவற்ற பேரைச் சொல்லுறதுதான் அவருக்குச் செய்யிற மரியாதை," என்பாள். ரீச்சர் பிழை விட்டாலும் எழும்பித் திருத்தலாம் என்பது அந்த அறையின் இன்னொரு சட்டம்.

பூமிசாஸ்திரம் படிப்பித்த பலீல் மாஸ்டரும் அவளும் சேர்ந்துதான் ஒரு வரைபடத்தைத் தொடங்கினார்கள். 'எங்கள் ஊர்' என்று பாடம். புத்தக அறைச் சுவரை அடைத்து ஒரு பெரிய காகிதத்தைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி, தெருக்கள், கோயில்கள், சந்தை, துறைமுகம் எல்லாவற்றையும் பிள்ளைகளே கேட்டறிந்து வரையவேண்டும். வரைந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு: 'சொன்னவர்: இன்னார்.' அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தோராம் ஆண்டு ஐப்பசி. யுத்தம் அப்போது தூர தேசத்துச் சண்டையாக இருந்தது.

சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் கொழும்பின் முகம் மாறிப்போயிற்று. கடைக் கண்ணாடிகளில் காகிதப் பட்டி ஒட்டினார்கள். விளையாட்டுத் திடலில் பதுங்குகுழி வெட்டினார்கள். பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாண ரயிலேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மிஞ்சியவர்களோ படத்தை விடவில்லை. துறைமுகத்தில் நடப்பதையெல்லாம் வீட்டில் கேட்டுக் கேட்டு வந்து வரைந்தார்கள். போதும் நிறுத்துங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, றெஜினாவுக்குமே தோன்றவில்லை.

பங்குனியில் ஒரு நாள், தேநீர்க் கடையில் யுத்தக் கப்பல்களைப் பற்றிக் கதைத்தார் என்று பக்கத்துத் தெருக் கிளாக்கர் ஒருவரைப் பொலிஸ் கூட்டிப்போனது. அவர் எங்கே இருக்கிறார் என்று மனைவிக்கே தெரியாதாம். அதைக் கேட்டபடி அறைக்குள் வந்த றெஜினா, சுவரைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். துறைமுகச் சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் வட்டமாக ஓர் எண்ணெய்த் தாங்கி. 'விமானத்துக்குத் தெரியாமல் வலை போட்டு மூடியிருக்கிறது.' பக்கத்தில் குண்டு குண்டாக எழுதிய சீட்டு: 'சொன்னவர்: இராமர், என் அப்பா.' துறைமுகக் கூலி இராமரின் மகள் மயிலம்மாவின் எழுத்து. அதைச் சுற்றி இன்னும் எத்தனை தகப்பன்மார், எத்தனை மாமன்மார்!

"மாஸ்டர், இதைக் கழட்டுவம்," என்றாள்.

"என்ன ரீச்சர் நீங்க, புள்ளகள்ட வேலதானே," என்றார் பலீல் மாஸ்டர். "ஹெட்மாஸ்டர் வேற, இன்டைக்கு வார பொலிஸ் ஐயாவுக்கு இதத்தான் காட்டப்போறாராம்."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. குண்டு விழுந்தால் பிள்ளைகளை எங்கே ஒதுக்குவது என்று பார்க்கப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வருகிறார். பள்ளியிலேயே பெரிய அறை புத்தக அறை. தலைமையாசிரியர் பேர்னாட்டிடம் ஓடினாள். "பாடசாலையின்ர பெருமை அது. கை வைக்கப்படாது," என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

இடைவேளையில் அறையைச் சாத்திக்கொண்டு, பெயர்களாவது இல்லாமல் போகட்டும் என்று ஈரத்துணியால் சீட்டுகளை நனைத்து நனைத்து உரித்தாள். ஒரு புத்தகத்தின் மூலை மடிந்தாலே மனம் நோகிறவள், இப்போது பிள்ளைகளின் எழுத்தைப் பிய்த்துக் கைப்பைக்குள் திணித்தாள். அவமானமாக இருந்தது. ஆனாலும் கடைசிச் சீட்டு வரை நிற்கவில்லை.

அதிகாரி வந்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தக அறையில் இருந்தார்கள். அமைதியான மனிதர், தமிழர். படத்தை வெகுநேரம் பார்த்தார். ஈரம் காயாத வெள்ளைத் தழும்புகளை விரலால் தடவினார். பிறகு முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வடிவான படம். ஆர் பிள்ளையள் உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

"நான்தான்," என்று முந்திக்கொண்டாள் றெஜினா. "எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தது."

மயிலம்மா எழுந்து நின்றாள். முகம் குழம்பியிருந்தது. "இல்ல டீச்சர். எண்ணெய்த் தாங்கிக்கு வலை போட்டிருக்குன்னு எங்க அப்பாதான் சொன்னாரு. நான் சீட்டு எழுதி ஒட்டினேனே, விழுந்துருச்சு போல."

"இரும் பிள்ளை," என்றாள் றெஜினா.

"சொல்லட்டும் ரீச்சர்," என்றார் அதிகாரி. "அப்பாவுக்குப் பேர் என்ன?"

"இராமருங்க," என்றாள் மயிலம்மா. யார், எங்கே என்று இரண்டையும் சொன்னால்தான் பதில் முழுமை என்று படித்த பிள்ளை. "ஜிந்துப்பிட்டியில இருக்கோம்."

அன்று பள்ளி விட்டபோது, தினமும் மகளைக் கூட்டிப்போக வருகிற இராமர் வரவில்லை. வாசலில் நின்று பார்த்துக் களைத்து, கடைசியில் றெஜினாவே அவள் கையைப் பிடித்து நடந்தாள். தெருவில் பொலிஸ் கார் ஒன்று அவர்களைத் தாண்டித் துறைமுகப் பக்கம் போயிற்று.

"டீச்சர், நான் சரியாத்தானே சொன்னேன்?"

"ஓம் மகள்," என்றாள் றெஜினா. "சரியாத்தான் சொன்னீங்கள்."