நாற்பத்திரண்டாவது பெயர்

தலையில் ஒரு வெள்ளைப் பையைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு நீரைப் புகைபோலத் தெளித்து, "கசக்குதா?" என்று கேட்கும் பரிசோதனையை 2020 பிப்ரவரியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். முகக்கவசம் முகத்தோடு இறுக ஒட்டியிருந்தால் கசப்பு உள்ளே வராது. கசந்தால் தோல்வி, வேறு அளவு, வேறு கவசம், மறுபடியும் பை. கத்தியைக் கையில் எடுத்தால் நடுங்காத பெரிய சர்ஜன் ஒருவர் அந்தப் பைக்குள் தலையாட்டிக்கொண்டு முகம் சுளித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இது பழைய வழக்கமாம். நான் அலுவலக ஆள் என்பதால் அதுவரை கண்ணில் பட்டதில்லை.

ஆப்பரேஷன் தியேட்டர்களுக்கு அட்டவணை போடுவது என் வேலை. எந்த நோயாளி, எந்த அறை, எத்தனை மணி. தேதியும் நேரமும் எனக்கு வேலை மட்டுமல்ல, வியாதியும்கூட. இங்கே வேலைக்கு வந்த நாள் முதல் டைரி எழுதுகிறேன். ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு நேரம்: இடப்பக்கம் சிங்கப்பூர் நேரம், வலப்பக்கம் இரண்டரை மணி பின்தங்கிய ஊர் நேரம். தேக்காவில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் செல்வம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "என்ன கல்வெட்டு, இன்னிக்கி என்ன பொறிச்சீங்க?" என்பான்.

கொரோனா தொற்று பரவத் தொடங்கியதும், கசப்புச் சோதனைக்கு யார் யாரை அனுப்ப வேண்டும் என்று பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு இந்தக் கல்வெட்டிடம்தான் வந்தது. "முழு டீமும் வேண்டும்" என்றார் மேலாளர். சர்ஜன்கள், மயக்க மருந்து டாக்டர்கள், நர்சுகள், டெக்னீஷியன்கள், தள்ளுவண்டி தள்ளுகிறவர்கள், எப்போதாவது வந்துபோகும் எக்ஸ்ரே ஆள் உட்பட நாற்பத்தொரு பெயர்கள். மூன்று முறை சரிபார்த்தேன். அச்செடுத்து நடைபாதைச் சுவரில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று ஒருமுறை ரசித்தும் பார்த்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் துவாஸ் தங்கும் விடுதியிலிருந்து ஒரு தொழிலாளியைக் குடல்வால் வலியோடு கொண்டுவந்தார்கள். காய்ச்சலும் இருந்தது. தொற்றுச் சோதனையின் முடிவு வரும்வரை வயிறு காத்திராது. எனவே தொற்று இருப்பதாகவே கொண்டு, எல்லோரும் முழுக் கவசத்தோடு நான்காம் அறையில் அறுவை செய்தார்கள். மறுநாள் மதியம் முடிவு வந்தது. தொற்று உறுதி. தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் சிஸ்டர் டான் என் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"ரூம் ஃபோர். எவ்ரிபடி இன் த லிஸ்ட் ஆ?"

"யெஸ், சிஸ்டர். எவ்ரிபடி."

"தென், ஹூ மாப் த ஃப்ளோர்?"

தரை சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கிறார் போலும் என எண்ணி, "ஃப்ளோர் வெரி கிளீன், சிஸ்டர். டோன்ட் வொர்ரி" என்றேன். சிஸ்டர் டான் கண்ணாடியைக் கழற்றினார். என்னையே பார்த்தார். மெதுவாக ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: "ஹூ?"

அப்போதுதான் எனக்கு ராசம்மா அக்கா நினைவுக்கு வந்தார். ஒப்பந்த நிறுவனத்தின் துப்புரவுப் பணியாளர். இந்த ஊரில் பிறந்தவர், அறுபதை நெருங்குபவர். பாசிர் ரிஸ்ஸிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, தினமும் காலையில் என் மேஜையருகே நின்று, "தம்பி, இன்னிக்கி எத்தனை கேஸ் லா?" என்று இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு கேட்பார். நான் எண்ணிக்கை சொல்வேன். அன்றும் சொல்லியிருந்தேன். அறுவை முடிந்ததும் அவர் வாளியும் துடைப்பமுமாக, காதில் மாட்டும் சாதாரண நீல மாஸ்க் ஒன்றோடு, நான்காம் அறைக்குள் போயிருக்கிறார்.

சிஸ்டர் கையிலிருந்த பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தேன். அதில் அக்காவின் பெயர் இல்லை.

வெளியே சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். என் அப்பா ஊரில் தாலுகா ஆஸ்பத்திரியில் தியேட்டர் கழுவியவர். அவரை அந்த வேலைக்கு அனுப்பியது எது என்று ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் தெருப்பெயரைச் சொன்னால் போதும். ரத்தம் தோய்ந்த துணிகளை வெறுங்கையால் அலசுவார். டாக்டர்கள் கழற்றிப் போட்ட கையுறைகளைக் கழுவி, கொடியில் காயவைத்து, பவுடர் தடவித் திருப்பிக் கொடுப்பதும் அவர்தான். கொடியில் வரிசையாக விரல்கள் காற்றில் ஆடும். அத்தனை கையுறைகளைக் கழுவிய கைகளுக்கு ஒரு ஜோடி கிடையாது. ஒரு வருடம் மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததே பெரும்பாடு. கடைச் சாப்பாட்டால் வந்தது என்றார்கள். அது எந்த மாதம், என்ன தேதி என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான் தேதி எழுதத் தொடங்கியதே அந்தக் கோபத்தில்தான். அப்படிப்பட்டவன் பட்டியல் எழுதும்போது தியேட்டர் கழுவுகிறவரை மறந்திருக்கிறேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும்.

ராசம்மா அக்காவை ஒரு ஹோட்டல் அறையில் பதினான்கு நாள் தனிமையில் வைத்தார்கள். வீட்டில் அவர் கணவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவருக்குத் தொற்றினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் தயங்கிவிட்டு, கடைகள் பாதி மூடிக்கிடந்த சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு அவரை அழைத்தேன்.

"தம்பியா? இங்க பெட்டு அப்டி மெத்துன்னு இருக்குப்பா. கிளீனர்தான் யாரும் வர்றதில்ல. நானே பாத்ரூம கழுவிட்டேன்!" சிரித்தார். பிறகு இருமினார். அந்த இருமலை நான் எண்ணினேன். மூன்று.

"அக்கா, லிஸ்ட்ல உங்க பேரு இல்ல. அது நான் எழுதுன லிஸ்ட்டு."

"தெரியும் தம்பி. நீ ஒட்டுன சுவரத் தெனமும் தொடைக்கிறது யாரு?"

"அப்ப ஏன்க்கா கேக்கல?"

"என்னன்னு கேக்குறது? அதுல ஸ்டாஃப்னு போட்டிருந்துச்சு. நான் கம்பெனி ஆளு லா."

குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம். "என்னய விடு. அவருக்கு மட்டும் வந்துறக் கூடாதுப்பா" என்றார். தினமும் காய்ச்சல் அளவைப் போனில் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

மிச்சப் பன்னிரண்டு நாளும் டைரியில் அவருடைய காய்ச்சல் அளவைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. அக்காவுக்கும் தொற்று வரவில்லை, கணவருக்கும் வரவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை, அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்த அன்றே கசப்புச் சோதனைக்கு அழைத்துப் போனேன். பைக்குள் இருக்கும்போது எதையாவது உரக்க வாசிக்க வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டினார்கள். அக்கா அதைத் திருப்பிக் கொடுத்தார். "தமிழ், கேன்" என்றார் சிஸ்டர் டான், தமிழில் பேசினாலும் சரிதான் என்ற பொருளில். பைக்குள்ளிருந்து குரல் வந்தது: "தம்பி, இப்ப ஒன்னோட லிஸ்ட்ல நான் எத்தனாவது?"

"நாப்பத்திரண்டுக்கா."

"பரவால்ல, கடைசியா இருந்தாலும் இருக்கேன்ல! கசக்கலன்னு சொல்லு சிஸ்டர்கிட்ட."

கவசமும் முகத்திரையும் மேலங்கியுமாக அவர் நின்ற படத்தை, அவர் சம்மதத்தோடு அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"யாருப்பா இது, பெரிய டாக்டரம்மாவா?"

"இல்லப்பா. தியேட்டர் கழுவுறவங்க."

அவர் படத்தை மறுபடி பார்க்கிறார் போலும். 

"கைக்கு?"

"கைக்கும் உண்டுப்பா. ரெண்டு ஜோடி."

"முடிஞ்சதும் அத யாரு கழுவிக் காயப்போடுறது?"

"யாருமில்லப்பா. தூக்கிப் போட்டுருவாங்க."

"ஓ" என்றார். வைத்துவிட்டார்.

டைரியைத் திறந்து, இடப்பக்கம் எழுதினேன்: ராசம்மா, தேர்ச்சி, காலை பத்து மணி. வலப்பக்கம் பேனா நின்றுவிட்டது. அங்கே மணி ஏழரை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வெறுங்கைக்கு உறை வந்திருக்க வேண்டிய அந்த ஏழரை எந்த வருடத்தின் ஏழரை என்றுதான் தெரியவில்லை. அந்தக் கட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.