தகட்டில் இல்லாத எழுத்து

அந்தச் சிவப்புக் காரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அறுபதுகளில், சீமைக் கார் இறக்குமதிக்குக் கெடுபிடியாக இருந்த காலத்தில், அது எங்கள் தாராவி சந்துக்குள் வந்தது. ஊருக்குத் திரும்பிய கம்பெனி துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். வாங்கியவர் மலபார் ஹில் சேட். இரண்டு சீட்டும் கிழிந்து பஞ்சு தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சீட் தைப்பவர். வெயிலில் வெளுத்த சீட்டைப் பார்த்து அவர் நிறத்தை முடிவு செய்யமாட்டார். பானெட்டைத் தூக்கி, உள்ளே அறைந்திருக்கும் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். மாதுங்காவில் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் இங்கிலீஷ் படிப்பது என் வேலை. அந்த மாதிரிக் கார்களின் தகட்டில் பெயிண்டுக்கு ஓர் எண், சீட்டுக்கு ஓர் எண். சீட் எண்ணுக்கு முன்னால் எச் என்ற எழுத்து இருந்தால் தோல், உயர்ந்த ரகம். வெறும் எண் என்றால் ரெக்ஸின், சாதா ரகம். ஆபரா ஹவுஸ் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்லித் தெரிந்துகொண்டது இது. சேட் காரில் வெறும் எண்தான் இருந்தது. இவரும் அதே நிறத்தில் ரெக்ஸின் வாங்கித் தைத்து முடித்தார்.

காரை எடுக்க வந்த சேட் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார். துரை அவரிடம் ஃபுல் லெதர் என்று சொல்லித்தான் விற்றாராம். அந்தத் தோலை நாங்கள் உருவி விற்றுவிட்டோமாம். கழற்றிய பழைய ரெக்ஸினை எடுத்துக் காட்டினோம். அது வேறு காருடையது என்றார். தகட்டைப் பாருங்கள் என்று நான் ஹிந்தியில் சொன்னேன்.

"தூ மேரேகோ சிகாயேகி க்யா?"

எனக்கு நீ பாடம் நடத்துகிறாயா என்று கேட்டவர் அதோடு நிற்கவில்லை. "சோர்" என்று என் வீட்டுக்காரரைத் திருடனாக்கியது சந்து முழுக்கக் கேட்டது. ஹவல்தாரையும் கூட்டி வந்தார். சாயங்காலம் வரை இவரைப் போலீஸ் சௌக்கியில் உட்கார வைத்தார்கள்.

அதன் பிறகு தோல் கிடங்கில் இவரைத் தனியாக உள்ளே விடவில்லை. எத்தனையோ வருஷமாகத் தானே போய்ப் புரட்டிப் பார்த்துத் தோல் எடுத்து வந்த மனுஷன். இப்போது ஓர் ஆள் பக்கத்தில் நின்று இவர் கையையே பார்த்தான். வீட்டில் இவருக்குச் சோறு குறைந்தது.

ஒரு நாள் சேட் மறுபடி வந்தார். தகட்டு எண்ணோடு ஆபரா ஹவுஸ் கடைக்குத் தோல் வாங்கப் போனதையும், இது தோலே வராத சாதா வண்டி என்று அங்கே சொல்லிவிட்டதையும் அவரே சொன்னார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நம்பி, மடச்சி நான், ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல சிவப்புத் தோலில் சீட் தைக்க வேண்டுமாம். தகட்டில் எண்ணுக்கு முன்னால் ஓர் எச்சும் அடித்துத் தர வேண்டுமாம். கூட்டாளிகள் பானெட்டைத் திறந்து பார்ப்பார்களாம்.

முதலில் கிடங்குக்கு வந்து, சோர் என்று கத்திய அதே சத்தத்தில், இவர் திருடவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அதெல்லாம் இப்போது எதற்கு என்றார்.

இவர் தையல் மிஷினை நிறுத்தினார்.

"ஏட்டி, அவருகிட்ட சொல்லு. அந்த எளுத்த அடிச்சா காருல தோலு இருந்துச்சுன்னு ஆயிரும்லா. பொறவு அத எடுத்தது யாரு? நாந்தான."

நான் ஹிந்தியில் சொன்னேன். சேட்டுக்குப் புரிந்தது. புரிந்துதான் சிரித்தார். பம்பாயில் வேறு ஆளா இல்லை என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆள் கிடைத்துவிட்டான். சில மாதம் கழித்து மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, ஒரு காபி கிளப் வாசலில் அந்தக் கார் நின்றது. சேட் பானெட்டைத் திறந்து கூட்டாளிகளுக்குத் தகட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். கூச்சப்படாமல் எட்டிப் பார்த்தேன். எண்ணுக்கு முன்னால் எச், கொஞ்சம் சாய்ந்து நின்றது. நடுத்தெருவில் நின்று வாயில் வந்தபடி தமிழில் திட்டினேன். தமிழர்கள் நிறைந்த மாதுங்கா ஆயிற்றே, காபி குடித்தவர்களுக்கெல்லாம் புரிந்தது. சேட்டுக்கு மட்டும் புரியவில்லை.

திட்டி என்ன பிரயோஜனம். இவர் திருடவில்லை என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தகடு. இனி அதைப் படிக்கிற எவனுக்கும் என் வீட்டுக்காரர் திருடன்.