ரேடியோ கம்பெனியின் எர்த் குழி

கவிதா, முகில், அப்பா உங்களைப் பேய் பிசாசு என்று ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. யாராவது அப்படிக் கதை விட்டால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். இதைப் படித்துவிட்டு நீங்களும் சிரிக்கலாம், சிரியுங்கள், ஆனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

வேங்கிக்காலில் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் டவுனில் ஒரு பழைய கட்டிடத்தில் இட்லி மாவு அரைத்து விற்றோமே, அது ஒரு காலத்தில் ரேடியோ கம்பெனி. வாடகை கம்மி என்றுதான் பிடித்தேன். பின்பக்கச் சுவரோரம் ஒரு குழி, அதன் நடுவில் ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் மண் எப்போதும் ஈரம். குனிந்தால் சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை. எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று நினைத்து, மூடிவிடலாமென்று சிமெண்ட் மூட்டையும் வாங்கி வைத்துவிட்டேன்.

மாவு வாங்க வந்த சரோஜா அக்கா அதைப் பார்த்துவிட்டார். அந்தக் கம்பெனியில் கடைசிவரை ஈயத்தை உருக்கி ஒயர் பற்றவைத்தவர் அவர்.

“இன்னாப்பா, எர்த் குழிய மூடப் போறியா? கரண்டு உனக்கு மாமனா மச்சானா?”

“தண்ணி ஒழுகுதுக்கா. சாம்பிராணி வாசன வேற வருது.”

“சாம்பிராணி இல்ல அது. ஈயம் பத்த வெக்கச்சொல்ல வர்ற வாசன. எங்க பொடவையெல்லாம் அதான் அடிக்கும்.”

பிறகு அக்கா சொன்னார். மரப்பெட்டி ரேடியோ செய்து ஊர் ஊருக்கு அனுப்பிய கம்பெனியாம் அது. உள்ளே பல்பு மாதிரி இருக்கிற வால்வு சூடேறிய பிறகுதான் பாட்டு வருமாம். செட்டைச் சோதித்துப் பார்க்கிற ஏகாம்பரம் என்பவர் ஒரு கோடையில் மேசையிலேயே ஷாக் அடித்து இறந்துவிட்டார். எர்த் குழி காய்ந்து கிடந்திருக்கிறது. கரியும் உப்பும் போட்ட அந்தக் குழி ஈரமாக இருந்தால்தான், கசிகிற கரண்டை மண் இழுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து யார் முதலில் வேலைக்கு வந்தாலும் குழிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மெயின் சுவிட்சைத் தொட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். டிரான்சிஸ்டர் வந்து மரப்பெட்டி விற்காமல் போய், திருவிழாவுக்கு ஆம்ப்ளிஃபையர் செய்து பார்த்து, அதுவும் ஓடாமல் கம்பெனியை மூடுகிறவரை அந்தப் பழக்கம் மாறவில்லையாம்.

“இப்ப யாருக்கா ஊத்துறாங்க?” என்றேன் சிரித்துக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. “மாவக் கட்டு, நேரமாவுது.”

குழியை மூடாமல் விட்டேன். அந்தச் சித்திரையில் போர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் அரிசி ஊறப்போடவே போதவில்லை, இதில் குழிக்கு யார் ஊற்றுவார்கள்? ஒரு மத்தியானம், கவிதா, நீ ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டாய். உள்ளே ஒயர் தேய்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. டமாரென்று ஃப்யூஸ் போனது. அம்மா அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. நீயோ கையை உதறிக்கொண்டு, “என்னமோ கடிச்சிடுச்சுப்பா” என்றாய்.

எலக்ட்ரீஷியன் வந்து குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“அண்ணே, இதுக்குத் தண்ணி ஊத்துனவங்களுக்குக் கோயிலே கட்டலாம். காஞ்சிருந்தா அவ்ளோ கரண்டும் பாப்பா மேலதான் எறங்கியிருக்கும்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நாங்கள் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயே கிடையாது என்று தோண்டிப் பார்த்துச் சொன்னவரும் அவர்தான்.

நம்பினால் நம்புங்கள், அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

இந்த வீடு மல்லாட்டை விளைந்த கடலைக்கொல்லையில் கட்டியது, இங்கே எந்தக் கம்பெனியும் இருந்ததில்லை. எர்த் குழிக்குத் தினமும் காலையில் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். ‘அப்பா கம்பி நட்டு வளக்குறாரு’ என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அதுதான். போன மாதம் கல்யாணத்துக்குப் போய்விட்டு, நாலு நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு உச்சி வெயிலில் வந்து இறங்கினோம். நீங்கள் உள்ளே ஓடிவிட்டீர்கள். நான் பின்பக்கம் போனேன். மண் சொதசொதவென்று இருந்தது. அதே வாசனை.

ஏகாம்பரம் காப்பாற்றத்தான் வருகிறார் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் எதிலிருந்து? ஒயரை எல்லாம் பிரித்துப் பார்க்கச் சொல்லியாகிவிட்டது, பழுது ஒன்றும் இல்லை என்கிறார்கள். அந்தக் கட்டிடத்திலும் ஈரம்தான் முதலில் வந்தது, கிரைண்டர் அப்புறம்தான்.

ஈரக்கையோடு எதையும் தொடாதீர்கள், கண்ணுங்களா. இன்றைக்குக் காலையிலும் நான் சொம்போடு போவதற்கு முன்னாலேயே மண் நனைந்திருந்தது.